தொண்ணூற்றேழில் நிற்பவர்

நெத்தலியின் தலையை நகத்தால் கிள்ளி, குடலும் அதோடு சேர்ந்து வரும்படி ஒரே இழுவையில் எடுத்துவிட நித்தியானந்தனின் விரல்கள் பழகியிருந்தன. அதற்குக் கண் தேவையில்லை. ஆகவே கண்கள் சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில் திறந்து கிடந்த மடிக்கணினியிலேயே இருந்தன. அதில் ஒரு கொடி, கொடிக்குப் பக்கத்தில், ஒரு பழைய படம் அங்கே நூற்றுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று காட்டும் ஒரு எண், தொண்ணூற்றேழு, புள்ளிக்குப் பிறகு ஒன்று. சற்று முன்பும் ஒன்றுதான். இரண்டாகுமா என்ற ஆவலும் ஆகிவிடுமோ என்ற பயமும் ஒரே பார்வைக்குள் இருந்தன. அதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இல்லையென்றால் தொலைக்காட்சிக்குக் கீழே பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியின் வயரை இழுத்துவிட்டால் போதும், ஆனால் கை முழுக்க மீன். மீன் கையோடு தொட்டால் ஞானமலர் மணந்து பிடித்துவிடுவாள். கழுவிவிட்டுத் தொடலாம், கழுவினாலும் திரும்ப மீனுக்குத்தான் வரவேண்டும், இன்னும் பாதி கிடக்கிறது, இதை முடித்துவிட்டு ஒரேயடியாகக் கழுவலாம். இப்படி நினைத்ததும் மனதில் ஒரு சின்ன விடுதலை வந்தது. அது நியாயமில்லாத விடுதலை என்றும் தெரிந்தது. பாண் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தோடு அதிகாலை வேலையை முடித்து, பஸ்ஸில் அரைத்தூக்கம் தூங்கி, இந்தப் பதினோராம் மாடிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வழக்கம்போலக் கணினியைத் திறந்தபோதுதான் அந்த மின்னஞ்சலைப் பார்த்தான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் மீனை எடுத்து வெளியே வைத்தான். மனைவி முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வருவதற்குள் சோறும் குழம்பும் ஆகியிருக்க வேண்டும், அது என்றும் உள்ள ஒழுங்கு. ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாகத் தீர்ந்துவிடும் என்று அவனுக்குள் யாரோ நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு படத்தை அனுமதியில்லாமல் இணையத்தில் கொடுப்பதாகக் குற்றம் சொன்ன அந்த மின்னஞ்சல் ஞானமலரின் பெயருக்கு வந்திருந்தது. அதுதான் அதிலுள்ள விஷம். இணையக் கம்பனி புதிய வாடிக்கையாளருக்கென்று ஒரு குறைந்த விலை வைத்திருந்தது, அந்தச் சலுகைக் காலம் முடிந்ததும் விலை ஏறும். ஏறியதும் இவன் தன் பெயரில் இருந்ததை வெட்டிவிட்டு அவள் பெயரில் எடுப்பான், அவளுக்கும் ஏறியதும் மறுபடி தன் பெயரில். ஸ்காபரோவில் அவனுக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் புருஷனும் பெண்சாதியும் இப்படி மாறி மாறிப் புது ஆட்களாகிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவளுடைய முறை. அந்தப் படத்தை இணையத்தில் தேடியது இவன், இறக்கியது இவன், கேட்பவருக்கெல்லாம் கணினியைத் திறந்து வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதும் இவன், கடிதத்தில் இருப்பது அவள். அதுவும் எந்தக் கிழமையில்! வியாழக்கிழமை அவளுக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். தாய்க்குச் சுகமில்லையென்று ஊரில் போய் நின்றதில் கனடாவில் இருக்கவேண்டிய நாட்கள் குறைந்து விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது, பிறகு பரீட்சையில் ஒருமுறை தவறினாள், இப்போதுதான் எல்லாம் கூடி வந்து, கையை உயர்த்தி நிற்கும்போது உடுப்பதற்கென்று எடுத்த நீலச் சேலை அலமாரியில் தொங்குகிறது. இவனுக்குக் கிடைத்துப் பல வருஷம். இவன் பெயருக்கு வந்திருந்தால் இவன் சிரித்திருப்பானா? சிரித்திருக்க மாட்டான். ஆனால் இப்படி நெஞ்சுக்குள் ஒரு ஈரத்துணி கிடப்பது போல இருந்திருக்காது.

ஆனால் பயத்தைவிட வேறொன்று முதலில் வந்தது, அதை நினைத்துத்தான் அவன் வெட்கப்பட்டான். வாசிக்கும்போது அவன் வியந்துபோனான். படத்தின் பெயர், கோப்பின் அளவு, அதற்குக் கீழே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட தொடர், அதற்குக் கீழே புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள். இணையத்தில் அந்த நாலு எண்கள்தான் இந்த வீடாம். இந்த மேசை, இந்த மீன், ஹீட்டருக்கு மேல் காயும் காலுறை, எல்லாம் சேர்த்து நாலு எண். எந்த நாள், எந்த விநாடி என்றும் எழுதியிருந்தது. அந்த நேரத்தைப் பார்த்தபோது தான் வேலையில் நின்றிருப்பேனே என்று முதலில் குழம்பினான், பிறகு பார்த்தால் அது ரொறன்ரோ நேரம் இல்லை, யாழ்ப்பாண நேரமும் இல்லை, எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கும் ஒரு நேரம். அந்த நேரத்தில் யாரோ விழித்திருந்து இந்த வீட்டைப் பார்த்திருக்கிறார்கள். கதவு தட்டாமல், பெயர் கேட்காமல். இதைவிட அவனை உலுக்கியது கடைசிப் பந்தி. இப்படி ஒருவர் உங்கள்மீது குற்றம் சொல்கிறார், அது உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது, அவருடைய கடிதத்தை உங்களிடம் சேர்ப்பது எங்கள் கடமை, நீங்கள் யார் என்பதை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்லவில்லை. அந்தச் சொல்லை மூன்று தரம் வாசித்தான். இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தமா, சொல்லவே மாட்டோம் என்று அர்த்தமா? வாசலில் நிற்கிறவனுக்கும் உள்ளே இருக்கிறவனுக்கும் நடுவில் யாரோ கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அந்தக் கை எவ்வளவு நேரம் வலிக்காமல் நிற்கும்?

மீனைத் தொடங்கு முன்னரே ஞானமலரின் தம்பி கேதீசுக்குப் போன் எடுத்திருந்தான். கேதீஸ் மார்க்கம் நகரத்தில் இருக்கிறான், கணினி வேலை. முழுவதையும் கேட்டுவிட்டு அவன் முதலில் சிரித்தான், வியாழக்கிழமை என்றதும் சிரிப்பை நிறுத்தினான்.

"அத்தான், படம் இறங்கி எவ்வளவு நாள்?"

"ரெண்டு கிழமை இருக்கும்."

"பிறகேன் இன்னும் திறந்து வைச்சிருக்கிறியள்? இறங்கின உடனை மூடிறதெல்லே!"

"அதெப்பிடித் தம்பி மூடிறது? எனக்கு ஆரோ தந்தது. நானும் குடுக்க வேணுமெல்லே."

"ஐயோ அத்தான்! நீங்கள் என்ன அன்னசத்திரமே நடத்திறியள்? வாங்கிப்போட்டு ஓடுறவனை உந்தக் கடிதம் போட்டவங்களுக்குத் தெரியவே தெரியாது. குடுத்துக்கொண்டு நிக்கிறவனைத்தான் கண்டுபிடிப்பாங்கள். உந்த லிஸ்டிலை கொடியோடை நிக்கினம் கொஞ்சப் பேர், பாத்தியளே? அதுக்குள்ளைதான் அவங்களும் நிப்பாங்கள். உங்களிட்டைப் படம் கேக்கிற மாதிரி நிண்டுகொண்டு நம்பரை எழுதுவாங்கள். ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்க மாட்டாங்கள், சும்மா நிப்பாங்கள்."

"அப்ப இதாலை அக்காவுக்கு ஏதும்..."

"பெரும்பாலும் ஒண்டும் வராது. ஆனா இப்ப ஏன் வில்லங்கத்தை? சத்தியம் செய்யப் போகேக்கை வழக்குக் கிழக்கு இருக்கோ எண்டு ஒரு கேள்வி இருக்குமாம். ரவுட்டரைப் புடுங்குங்கோ. மெயிலை அழியுங்கோ. அக்காவுக்குச் சொல்லாதேங்கோ, சரியே?"

சரி என்றான். மின்னஞ்சலை உடனே அழித்தான். ரவுட்டரைப் பிடுங்கக் குனிந்தபோது ஏனோ நிமிர்ந்து, போய் மீன் பையை வெட்டினான்.

படம் கேட்டு நிற்கும் கொடிகள் இப்போது இரண்டு, ஒன்று மலேசியா, இன்றுதான் வந்தது, வந்ததிலிருந்து நாற்பதில் நிற்கிறது. மற்றது சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டை போட்ட கொடி. எந்த நாடென்று தெரியாமல் தேடிப் பார்த்தான், மொரிசியஸ். வரைபடத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கத் தண்ணீரே வந்துகொண்டிருந்தது, கடைசியில் தூசி விழுந்ததுபோல ஒரு புள்ளி. அங்கே இருந்து ஒருவர் இந்தப் படத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார், ஏறக்குறைய ஒரு கிழமையாக. இவன் வேலையால் வந்து கணினியைத் திறக்கும் நேரம் அங்கே இரவு. அவர் படுக்கப் போகுமுன் திறப்பார் போல. இரண்டும் ஒன்றாகத் திறந்திருப்பது கொஞ்ச நேரம், இந்த வீட்டிலிருந்து வெளியே போகும் வேகமோ நூல்போல, ஆகையால் நாளுக்கு நாள் ஒரு பிடி, ஒரு பிடி. முகம் தெரியாது, பெயர் தெரியாது. தமிழ் பேசுகிறவரா, அல்லது பாட்டனோடு தமிழ் போய்விட்ட வீட்டில் பிறந்து பாட்டுக்களை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவரா? கடிதத்தில் படத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்று வாசித்தபோது வந்த வியப்பும் இதே கனம்தான். இந்தப் படத்துக்குச் சொந்தக்காரரா! ஜெராட் வீதியிலும் மார்க்கம் வீதியிலும் எத்தனை கடையில் கேட்டிருப்பான், சென்னைக்குப் போன ஆட்களிடம் சொல்லி விட்டிருப்பான், எல்லாரும் அப்படி ஒரு படமா என்று கேட்டார்கள். அவர் யாரென்று தெரிந்திருந்தால் காசைக் கையில் கொடுத்து, கும்பிட்டு வாங்கியிருப்பான். இவனால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் இவனைக் கண்டுபிடித்துவிட்டார். தன் பொருள் தன்னைக் கேட்காமல் ஊரூராகப் போனால் அவருக்குக் கோபம் வராதா, வரும்தான். அந்தக் கோபத்தை அவனால் பிழை சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது, பிழை சொல்ல முடிந்தால் பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்ளலாம்.

ஞானமலர் அந்தப் படத்தின் முதற்பாதியை மட்டும் பார்த்தவள். கலியாணத்துக்கு முந்தி, யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில், பழைய படங்களைத் திருப்பிப் போடும் பகல் காட்சியில். படத்தில் புருஷனைத் தொலைத்த ஒருத்தி மழை இரவில் தனியாக இருக்கிறாள், கதவு தட்டுப்படுகிறது, விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள், இடைவேளை. அந்த இடைவேளையில் ஆமி வருகுது என்று யாரோ கத்த எல்லாரும் ஓடினார்கள். ஞானமலர் ஒரு செருப்போடு வீட்டுக்குப் போனாள். அந்தத் தியேட்டரே பிறகு இல்லை. கலியாணமான புதிதில் ஒருநாள் சொன்னாள், பிறகு எப்போதாவது, மின்சாரம் போனால், சும்மா இருந்துவிட்டுக் கேட்பாள். "அந்தக் கதவுக்கு வெளியிலை ஆர் நிண்டிருப்பினம் எண்டு நினைக்கிறியள்?" புருஷன் என்பான் இவன். இல்லை, புருஷன் செத்ததைச் சொல்ல வந்த பொலிஸ் என்பாள் அவள். வேறொரு நாள் அவளே மாற்றிச் சொல்வாள். வன்னியில் இருந்த காலத்திலும் ஒருமுறை இதைக் கேட்டது நினைவிருக்கிறது. எங்கே, பதுங்கு குழிக்குள்ளா, அதற்கு முதலா? அவள் கேட்டதும் இவன் எரிந்து விழுந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. வெளியே வேறு கதவுகள் தட்டுப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு போன மாதம், வேலையில் ஒரு பொடியன் சொன்ன வழியில் தேடியபோது, அது இருந்தது. முழுப்படம். ஒரே ஒருவரிடம். நோர்வேக் கொடி. எத்தனை மாதமாக, எத்தனை வருஷமாக அந்த மனிதர், மனிதரா மனுஷியா, தன் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது வந்து கேட்பார்களா என்று பனிக்குள் இருந்தாரோ! படம் முதலிலிருந்து கடைசிக்கு ஒழுங்காக வரும் என்று நினைத்திருந்தான். அப்படி வரவில்லை. ஒரு நீண்ட வெள்ளைப் பட்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலக் கோடுகள் விழுந்தன, முடிவில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, பாட்டில் பாதி, அழுகையில் பாதி. எந்தத் துண்டு எந்த இடத்துக்கு என்று அந்தத் துண்டுக்கே தெரிந்திருந்தது. அவன் மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி நாள் முழுக்க அதை நினைத்தான். ஆயிரம் துண்டாகப் போனது தன் இடம் மாறாமல் வேறொரு வீட்டில் வந்து ஒட்டிக்கொள்வது. ஆட்கள் அப்படி ஒட்டவில்லையே. கடைசித் துண்டு விழுந்து நூறு என்று காட்டிய அந்தக் கணமே நோர்வேக் கொடி மறைந்தது. நன்றி சொல்லக்கூட முடியவில்லை, சொல்லவும் வழியில்லை. கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். இனி முழுப்படம் இருப்பது உலகத்திலேயே தன்னிடம்தான் என்று அவனுக்குப் பட்டது. பட்டதும் கணினியை மூடப்போன கை நின்றது.

பக்கத்து வீட்டு ஹலீமா, சோமாலியாக்காரி, இவர்கள் குடிவந்தபின் வந்த முதல் நோன்புப் பெருநாளுக்கு ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் சமோசா மாதிரிச் சம்பூசா கொடுத்தனுப்பினாள். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பதா? ஞானமலர் அதற்குள் வடை போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் அதே டப்பா பேரீச்சம்பழத்தோடு வந்தது. ஹலீமாவின் ஊரிலும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லையாம். அன்று தொடங்கியது, அந்தப் பிளாஸ்டிக் டப்பா இன்றுவரை ஓயவில்லை, மூடியில் வெடிப்பு விழுந்து ஒட்டுப் போட்டாயிற்று. யாராவது ஒருவர் அதைக் குப்பையில் போட்டால்தான் இருவருக்கும் மீட்சி, ஆனால் போடுவது யார்? அந்தப் பழக்கத்தில்தான் கணினியையும் திறந்து வைத்தான். அதில் ஒரு பிழை இருக்கும் என்று சத்தியமாக அவனுக்குத் தோன்றவில்லை. இறக்குவது களவோ என்று ஒரு சின்ன உறுத்தல் இருந்தது, அந்த உறுத்தலைத் தீர்த்துக்கொள்ளத்தான் கொடுத்தான். கொடுத்ததைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

தொண்ணூற்றேழு, புள்ளி, நாலு. எப்போது ஏறியது? மீன் சட்டியில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிடந்தன, அவன் மெதுவாக்கினான். இந்த மொரிசியஸ்காரர்தான் அவர்களோ? ஏன் ஒரு கிழமையாக முடிக்காமல் நிற்கிறார்? பார்க்க வந்தவனுக்கு முடிக்க என்ன அவசரம், நிற்பதுதானே வேலை. அப்படியென்றால் இவ்வளவு நாளும் இவன் தன் கையால், பிடி பிடியாக, யாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்? நினைப்பு அங்கே நிற்காமல் இன்னும் ஒரு படி போனது. அவர்களாகவே இருக்கட்டும். எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் ஒரு கதிரை, அதில் ஒருவன், அல்லது ஆளே இல்லாமல் ஒரு இயந்திரம். நம்பரை எழுத வந்த அவனுக்கும் படத்தில் ஒரு பங்கு போய்விட்டதே. எழுதுகிறவன் ஒருநாள் சும்மா திறந்து பார்த்தால், ஓட்டை ஓட்டையாக, அந்தப் பெண் விளக்கை எடுப்பாள், தாழ்ப்பாளில் கை வைப்பாள், அந்த இடத்தில் துண்டு இல்லாமல் போனால்? அவனும் கேட்பானா, வெளியே யார் நின்றது என்று? உளவு பார்க்க வந்தவனுக்கும் சாப்பாடு போட்டு அனுப்பிய வீடுகளை இவன் அறிவான், அப்படிப் போட்டதாலேயே அழிந்த வீட்டையும் அறிவான். இல்லை, இந்த நினைப்பு வேண்டாம். வியாழக்கிழமை. நீலச் சேலை. மீன் முடிந்துவிட்டது. கழுவு. நிறுத்து.

கதவு தட்டுப்பட்டது.

கையில் செதிலோடு அப்படியே நின்றான். கீழே வாசலில் மணி அடிக்காமல் மேலே யாரும் வர முடியாது. அதிகாரம் உள்ளவர்கள் வரலாம். மறுபடி தட்டினார்கள், மெல்ல, இரண்டு தரம். மடிக்கணினியை முழங்கையால் சாத்தப்போனான், சாத்தினால் நின்றுவிடும், அதைத்தானே செய்ய வேண்டும், ஆனாலும் முழங்கை போகவில்லை. தன் முழங்கை தன் பேச்சைக் கேட்காததை ஒரு வேறு ஆளைப்போலப் பார்த்தான். துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தான், திறந்தான்.

ஹலீமா. கையில் டப்பா. "சூடாக இருக்கிறது, அடியில் பிடி" என்று தன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மூக்கைச் சுருக்கி, "மீனா?" என்று சிரித்து, அவன் பதில் சொல்லுமுன் போய்விட்டாள். கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டு நின்றான். டப்பாவின் சூடு உள்ளங்கைக்கு ஏறியது. படம் இறங்கி முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சோபாவில் கால்களை மடக்கிக்கொண்டு, ஞானமலர் இரண்டாம் பாதியைப் பார்த்தாள். தாழ்ப்பாளில் கை. கதவு திறக்கிறது. வெளியே மழையில் பக்கத்து வீட்டுக்காரி நிற்கிறாள். கொஞ்சம் புளி இருக்குமா என்று கேட்கிறாள். ஞானமலர் வாயைத் திறந்தபடி இருந்தாள். "புளியோ!" என்றாள். "முப்பது வருஷமாப் புளிக்குத்தான் நிண்டவளோ!" பிறகு சிரிக்கத் தொடங்கினாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சோபாவில் சரிந்து, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தாள், இவன் படத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. கலியாணத்தில், பிள்ளை பிறந்தபோது, விசா வந்தபோது, எதிலும் இல்லை. சிரிப்பு அடங்கிய பிறகு, "இதை எங்களுக்குத் தந்த மனிசன் நல்லாயிருக்க வேணும்" என்றாள். மொரிசியஸ்காரருக்கு வராத துண்டு எது? நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அது எந்த இடம் என்று பட்டையில் பார்க்கலாம், அவன் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இருந்தது.

அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தான். கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். எலுமிச்சந் தோலால் தேய்த்தான். இனிச் சாட்டு ஒன்றும் மீதமில்லை. மேசையில் வந்து இருந்து, சுத்தமான விரலைப் பொத்தானுக்குக் கிட்டே கொண்டுபோனான். தொண்ணூற்றெட்டு, புள்ளி, ஒன்பது. ஏறுகிறது. இன்றைக்கு அங்கே யாரும் படுக்கவில்லை. அந்தத் தூசிப் புள்ளியில் ஒருவர் இந்த நேரத்தில் இதே எண்ணைப் பார்த்துக்கொண்டு, தம்பி மூடிவிடாதே, மூடிவிடாதே என்று இவனைக் கேட்டுக்கொண்டிருப்பாரோ? நோர்வேயைப் பார்த்து இவன் அப்படிக் கேட்டிருக்கிறான், வாய்விட்டு. விரல் அங்கேயே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. ஞானமலரின் மின்னஞ்சல் கணக்கை அவளுடைய போனிலும் போட்டுக் கொடுத்தது யார்? இவனேதான், குடியுரிமைக் கடிதம் வந்தால் உடனே பார்க்கட்டும் என்று. இங்கே அழித்தால் அங்கேயும் அழியுமா? அழியுமுன் அங்கே மணி அடித்திருக்குமா? அவள் வேலையில் போனைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பாள். அதை வாசித்துவிட்டு, சூடான படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், இப்போது பஸ்ஸில்...

சாவி திரும்பிய சத்தம் கேட்டது.

ஞானமலர் சப்பாத்துப் பனியை மிதியடியில் தட்டினாள். வழக்கமாகக் கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டு, போத்தல் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டுத்தான் பேசுவாள். இன்று கோட்டோடேயே மேசைக்கு வந்து அவன் தோளுக்கு மேலால் குனிந்தாள். பனியின் குளிர் அவளோடு வந்தது.

"இஞ்சேருங்கோ, அந்த மொரிசியஸ் ஆள் முடிச்சிட்டாரே?"

அவன் விரலை எடுத்தான். "உமக்குத் தெரியுமே?"

"லஞ்சிலை வாசிச்சனான். எங்கடை சுப்பவைசரிட்டையும் காட்டினனான். அவ சிரிச்சுப்போட்டு, தன்ரை மகனுக்கும் உதிலை நாலைஞ்சு வந்ததெண்டா."

"கேதீஸ் சொல்றான், வியாழக்கிழமை..."

"அவன்தான் எனக்கும் போன் எடுத்தவன். அக்காவுக்குச் சொல்லாதேங்கோ எண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டு, அத்தானுக்குச் சொல்லாதை எண்டு எனக்குச் சொல்றான், விசரன்." பிறகு குரல் தணிந்தது. "பயமாத்தான் கிடக்கு. பஸ்ஸுக்குள்ளை சேலையை நினைச்சு அழுகையும் வந்தது. எவ்வளவிலை நிக்குது?"

"தொண்ணூற்றொன்பதரை."

"அப்ப இருங்கோ. இன்னும் அரை கிடக்கேக்கை மூடிறதே?"

அவள் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி இருந்தாள். சோறு கொதித்து மூடி தாளம் போட்டது, அவள் எழுந்து தணித்துவிட்டு வந்து இருந்தாள். "அந்தாள் அவங்கடை ஆளாயுமிருக்கலாமாம்" என்றான் அவன், சொல்லாமல் இருக்க முடியாமல். அவள் கடைசிப் பொத்தானைக் கழற்றினாள். "எண்டாலும் வந்து நிக்குதே" என்றாள். ஒன்பதுக்குப் பின்னால் இன்னொரு ஒன்பது வந்தது, அது நெடுநேரம் நின்றது, வெளியே நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஒவ்வொன்றாக விளக்கை ஏற்றிக்கொள்ளும் பொழுது. பிறகு நூறு. நூறு என்று கண்டார்களோ இல்லையோ, நாலு பட்டைக் கொடி இருந்த வரி அப்படியே இல்லாமல் போனது.

"போயிட்டுது" என்றாள் ஞானமலர்.

எதை எதிர்பார்த்தான்? நோர்வேயும் இப்படித்தான். வாங்கியவரும் போவார், கொடுத்தவரும் போவார், நம்பரை எழுதியவரும் எழுதி முடித்தால் போவார். எல்லாரும் ஒரே மாதிரித்தான் மறைகிறார்கள். இனி மூடலாம் என்று கையைக் கொண்டுபோனவன் மலேசியாவைப் பார்த்தான். வந்ததிலிருந்து நாற்பதில் கிடந்தது நாற்பத்தொன்றாகியிருந்தது. பார்க்கும்போதே நாற்பத்திரண்டு. இங்கிருந்து அதற்குப் போவது நூல்தான், எப்போதும் போலத் துளி துளியாகத்தான் போகிறது, எண்ணோ ஓடுகிறது, நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு.

"என்னப்பா, ஏன் இப்பிடி ஓடுது?"

"ஆரோ குடுக்கினம்."

"ஆர்?"

அவன் பட்டியலை மேலும் கீழும் பார்த்தான். முழுவதும் உள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தால், ஒருவரிடம் ஒருவர் கேட்பதற்கு எதுவும் இல்லை. கேட்பதற்கு இல்லாதவரின் பெயரை இந்தப் பட்டியல் காட்டுவதில்லை. மொரிசியஸ் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, வாங்கிய கையோடு மலேசியாவுக்குக் கொடுக்கிறது. அது அவர்கள் இல்லை. அவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். அப்படியென்றால் நோர்வே? அவரும் அன்றைக்குப் போகவில்லையோ? இந்த இரண்டு கிழமையும் இவன் தனியாக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, வெறுமையாக இருந்த பக்கமெல்லாம் வெறுமை இல்லையோ? ஐம்பத்தொன்று. ஞானமலரின் கை அவன் முழங்கையில் வந்து இருந்தது, குளிராக, சலவைத்தூள் மணத்தோடு.

"இனி நாங்கள் மூடினாலும் பறவாயில்லை" என்றான்.

அவளே அழுத்தினாள். அவள் பெயரில் வந்த கடிதம் என்று நினைத்தாளோ என்னவோ, அவன் கையை விலக்கிவிட்டுத் தன் விரலால் அழுத்தினாள். பட்டியல் போனது, திரை கறுத்தது. அதில் அவர்கள் இருவரின் முகங்களும் மங்கலாகத் தெரிந்தன. அந்தக் கறுப்புக்குப் பின்னால் எங்கோ எண் ஏறிக்கொண்டேயிருக்கும். ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநாலு. அவன் எழுந்து தாச்சியை அடுப்பில் வைத்து எண்ணெய் விட்டான். ஞானமலர் கோட்டைத் தொங்கவிட்டு வந்து டப்பாவின் மூடியைத் திறந்தாள், மணத்தை முகர்ந்தாள், ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"இதுக்குள்ளை இனி என்ன போட்டுக் குடுக்கிறது?" என்றாள் வாய் நிறைய.

"நெத்தலி பொரிச்சுக் குடுப்பம்" என்றான் நித்தியானந்தன். "நிறையக் கிடக்கு."